துருசண்ணையின் நூற்று நாற்பத்தாறு

“இன்று நெஞ்சுக்குள் 146 வேலைக்கு வரவில்லை. ஆகையால் கீழ் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிந்தும்.”

கடந்த சிறுபோக நெற்செய்கையின்போது, வைகாசி முதல் திங்கள் காலை, துணுக்காய்ப் பக்கத்து விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவித்தல் இது. ஊர்க்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

தன் நெஞ்சுக்குள் யார் லீவு என்று ஊருக்கு அறிவித்தவர் வன்னி முழுவதிலும் ஒருவர்தான். குளத்து மதகான துருசைத் திறந்து பூட்டி, வாய்க்கால்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுபவர். அதனால் துருசண்ணை. சிறுவயதிலிருந்தே தொய்வுக்காரர், அதாவது ஆஸ்துமா.

அந்த 146 அவருக்கு ஒரு வைத்தியரின் யூடியூப் பேச்சில் அறிமுகமானது. நமது உயிரணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற மிகச் சிறிய இழைகள் உண்டு. அவை எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. புரதம் ஆக்கச் சொல்லிப் போகும் செய்தியை மறித்து அடக்கும். ஆஸ்துமாக்காரரிடம் அவற்றில் சில கூடியும் சில குறைந்தும் காணப்படுகின்றன. 146 என்ற எண்ணுடையது அழற்சியை அடக்குகிற வகை.

துருசண்ணை துள்ளி எழுந்தார். “தம்பி, விளங்கீட்டுது! அவன் விதைக்கிறதுமில்லை, வெட்டுறதுமில்லை. கதவைப் பூட்டுறது மட்டும்தான். என்ர ஆள்!”

அடுத்த கிளினிக்கிலேயே தாதியிடம் தொடங்கிவிட்டார். “மிஸ்ஸி, என்ர 146 எவ்வளவு நிக்குது?”

“அண்ணை, இஞ்ச பிரஷர்தான் பாக்கிறது. கையை நீட்டுங்கோ.”

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இழுப்பு வராமல் தடுக்க நாள்தோறும் வாய்க்குள் அடிக்கச் சொன்ன மண்ணிற மருந்துப் பம்பையும் அவர் வாய்க்கால்போல முறைவைத்துவிட்டார்: சில நாள் திறப்பு, சில நாள் பூட்டு.

“நெஞ்சு சுகமா இருக்கேக்க ஆர் மருந்தைத் திறந்து விடுறது? வீண் விரயமெல்லே!”

“ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி விடுறார், தன்ர நெஞ்சுக்கு விடமாட்டாராம்,” என்றார் அவர் மனைவி. அவா சொன்னதை அவர் கேட்டதாக எந்தக் குறிப்பும் என்னிடமில்லை.

ஆனியில் சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசியது. வாய்க்கால் கட்டில் நின்று கீழ்வயல் கந்தையருடன் தண்ணீருக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த துருசண்ணை, பாதி வசவில் நின்றுபோனார். உதடு நீலம் பாரித்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இழுப்பு வந்தால் உடனே அடிக்கும் நீலப் பம்பும் வீட்டில்.

கந்தையர் மண்வெட்டியை எறிந்துவிட்டு அவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றினார். சண்டையைப் பார்த்து நின்ற நான் பின்னால் இருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“முதல்ல மூச்சை விடுங்கோ அண்ணை! தண்ணியைப் பிறகு விடலாம்!” என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே ஓடினார் கந்தையர்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்தாவி பிடித்து, ஆள் மீண்டதும் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“ஐயா, 146 உண்மைதான். ஆனா அதை அளந்து மருந்து குடுக்கிற காலம் இன்னும் வரேல்லை. ஆராய்ச்சி நடக்குது. இந்தப் பம்ப் முறைக்கு விடுற தண்ணியில்லை. சுகமா இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அடிக்கவேணும்.”

துருசண்ணை முகமூடியை விலக்கினார். “அப்ப, பூட்டே இல்லையோ?”

“இல்லை.”

“சரி, திறந்தே விடுறன். ஆனா கந்தையருக்கு முறைதான்.”

வாசலில் நின்ற கந்தையர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை ஏசினார்.

அவரிடம் 146 உண்மையில் குறைவா என்பதை எவரும் அளந்ததில்லை. அது இன்னும் உறுதிப்படாத தகவல். குளத்து நீர்மட்டம் குழுவில் காலையிலேயே வந்துவிடுகிறது. இருந்தாலும் மாலையில் அவரை அழைத்து, “எவ்வளவு நிக்குது?” என்று கேட்பேன். இழுப்பில்லாமல் நீளக் கதைப்பார்.

எனக்கு வயல் கிடையாது.