முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம்

ஆமத்தூர்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கதிரவன் அவர்களுக்கு, மாமனார் வெள்ளைத்துரை எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக அனைவரும் நலம். ஓசூரில் நீங்களும் எழிலும் பேரனும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். வேண்டிக்கொள்வதில் மட்டும் நான் கெட்டிக்காரன் என்பது உங்களுக்கே தெரியும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் உங்கள் அத்தை அய்யம்மாள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள்.

எழிலுக்குப் பிரசவ வலி கண்டு டாக்டரே கையைப் பிசைந்த அன்று, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தால் விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே நேர்ந்துகொண்டேன். அம்மன் தன் வேலையை அன்றைக்கே முடித்துவிட்டாள். என் வேலைதான் பாக்கி. நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி, வெறுங்காலோடு ஊரைச் சுற்றி வர வேண்டும். நானோ மாடிப்படியின் பாதியில் நின்று, மேலே எதற்கு வந்தோம் என்று மறந்தவன்போல் நடித்து மூச்சு வாங்குகிற ஆள். இது தெரிந்துதானே தைப் பொங்கலுக்கு அந்தக் கைக்கடிகாரத்தை அனுப்பினீர்கள்? நான் நடப்பதெல்லாம் உங்கள் போனில் தெரியும் என்றீர்கள். தீப்பொறிக்குப் பயந்து, எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் அந்த மாதிரி பேட்டரிச் சாமானை விடமாட்டார்கள். விடாத ஃபோர்மேனே நான்தான். ஆகவே வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

எங்கள் தொழிலின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததில்லை, தீபாவளி நெருங்கினால் சாப்பாடு தூக்கம் பாராமல் ஆர்டரை முடிப்போம், முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிட்டு மல்லாந்துவிடுவோம், உடம்பையும் அப்படியே நடத்திவிடலாம் என்று நினைத்து, பங்குனிதான் நமக்குத் தீபாவளி என்று கணக்குப் போட்டு, காலையில் ஓட்டம், மதியம் கம்பெனிக்குள் நடை, சாயங்காலம் மறுபடி ஓட்டம், போதாததற்கு தோப்புக்கரணம் என்று ஒரே வாரத்தில் ஒரு சீசனையே நடத்திக் காட்டினேன். வார முடிவில் கம்பெனி வேனிலிருந்து இறங்க முடியவில்லை. கால் மடங்கினால்தானே இறங்குவதற்கு? கூட வேலை செய்யும் பாண்டிமீனா, "ஏத்துன லோடை எறக்கித்தானே ஆகணும், அண்ணாச்சியை ஆளுக்கொரு பக்கம் பிடிங்கடி" என்றாள். பட்டாசுப் பெட்டியைத் தரையில் உரசாமல் எப்படி வைக்க வேண்டும் என்று நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேனோ, அப்படியே என்னை வாசலில் இறக்கி வைத்தார்கள்.

சீசன் முடிந்தால் லீவுதானே? படுத்தேன். ஓய்வுக்குத் தெம்பு வேண்டுமே என்று எண்ணெய்ப் புரோட்டா வாங்கிவரச் சொன்னேன். கால்வலி போனது, வேட்டி பற்றாமல் போனது. எழுந்து நடந்தால் தெருமுனைக்கே நாக்குத் தள்ளியது. பயந்துபோய் மறுபடியும் சீசன், மறுபடியும் வீக்கம், மறுபடியும் புரோட்டா.

மூன்றாம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள். "வெயில்ல காயவச்ச வெடிச் சரக்கை ஆறவிடாம உள்ள தூக்குனா பத்திக்கிரும்னு கம்பெனிப் புள்ளைகளை அம்புட்டுச் சத்தம் போடுறீக. அதுக்காக ஆறட்டும் ஆறட்டும்னு மழைக்காலம் வரைக்குமா போட்டு வைப்பீக? ஒங்க ஒடம்பு மட்டும் ஒண்ணு கருகணும், இல்லைன்னா நமுத்துப் போகணுமாக்கும்?"

வாயில் இருந்த புரோட்டாவை விழுங்கிவிட்டு, மிச்சப் பொட்டலத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒரு நாள் கண்மாய்க்கரை வரை, பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நடை, மறுநாள் ஓய்வு, ஓய்வு நாளில் காலுக்கு எண்ணெய், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்று அவளே ஏற்பாடு செய்தாள். அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீங்களும் போனில் பார்த்துவிட்டு, "மாமா, கலக்குறீக! அவசரமும் இல்ல, சோம்பலும் இல்ல" என்று வாராவாரம் பாராட்டுகிறீர்கள். பெருமையாக இருக்கிறது. சட்டி எடுக்க நான் தயார். லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து சேரவும்.

எழிலுக்கு என் ஆசி. பேரனுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்களுக்கு என் முழங்கால்கள் இடம்கொடுக்கும் அளவுக்குப் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டது தப்பாகப் போய்விட்டது. உங்கள் அத்தை கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "மாப்பிள்ளை, அந்தக் கடியாரம் எங் கையிலதான் கெடக்கு. வீட்டுல சும்மாதானே கழட்டிப் போட்டுருக்காகன்னு எடுத்துக் கட்டுனேன். கம்மாக்கரைக்குப் போயிட்டு வர்றது நானு. ஒங்க மாமா பாதி வழியில செல்லப்பாண்டி டீக்கடையில ஆறிக்கிட்டு இருக்காக. சட்டியை நாந்தான் எடுக்கப் போறேன், அம்மன்கிட்டயும் சொல்லியாச்சு. அவுக பேரனைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வரட்டும்."

வெட்கமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. ஆனால் ஊர்வலம் முழுக்கப் பேரன் என் தோளில் என்றதும் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் இப்போது எத்தனை கிலோ இருக்கிறான் என்று உடனே எழுதவும். வீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று இருக்கிறது. நாளைக் காலையிலேயே அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறேன்.