நூறாவது மேற்கோளும் ஆதாரம் சாரும்

ஒரு பிழைக்கு ஆறடி நீளத்தில் வாழ்த்துப் பேனர் கட்டியவன் நான். அதுவும் மும்மொழியில். மலேசியாவில் வேறு யாரும் இந்தச் சாதனையைச் செய்திருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் அப்படிச் சொன்னால் உடனே "ஆதாரம்?" என்று கேட்க ஒருவர் இருந்தார்.

கெலாங் பாத்தா பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அவர் உயிரணு ஆய்வாளர். நான் அங்கே ஆராய்ச்சி அலுவலகத்தில் குமாஸ்தாவுக்கு ஒரு படி மேல். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் அவர் ஆதாரம் சார். தன் பிறந்த நாள் உட்பட உலகத்தில் எதையும் அவர் சும்மா நம்பியதில்லை.

"மெர்சிங் மீன் சார், காலையில வந்துச்சு" என்பார் சாப்பாட்டுக் கடை பாய்.

"ஆதாரம்?"

"அலமாக்! மீனே வந்து சொல்லணுமா சார்?"

சார் குனிந்து, குழம்பில் கிடக்கும் மீனின் கண்ணைப் பார்ப்பார். பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் செல் வளர்த்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றுக்கு ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு வந்து மாற்றினார். என் தங்கை கல்யாணத்தில் இலை போட்ட பிறகு எழுந்துவிட்டார். "எங்க சார் போறீங்க?" என்றேன். "அதுங்களுக்கும் பசிக்கும்ல?"

ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். திங்கட்கிழமைதோறும் விரிவுரையாளர்களின் மேற்கோள்களை எண்ணிப் பட்டியல் போடுவது என் உத்தியோகம். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வேலை ஒப்பந்தம் நீளும். ஆகவே தே தாரிக் டீ ஆற்றும் கடை மேசையிலேயே, 'நீ என்னைச் சொல்லு, நான் உன்னைச் சொல்றேன்' என்று பேரம் நடக்கும். நான் கதையும் எழுதுபவன்; எழுத்தாளர்கள் நாங்களும் முன்னுரைகளில் இதைத்தான் செய்கிறோம். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சார் அந்த மேசைப் பக்கமே போகமாட்டார். அவர் கட்டுரைகளில் உலகம் கவனித்தது ஒன்றே ஒன்று, நுரையீரல் செல் பற்றியது. அதன் மேற்கோள் நூறைத் தொட்டால் ஒப்பந்தம் நீளும் என்ற நிலை. தொட்டது. நான் பேனர் கட்டினேன். கேக்கும் வாங்கினேன்.

சார் வந்தார். பேனரை மூன்று மொழியிலும் படித்தார்.

"கழட்டுங்க. அந்தக் கட்டுரையத் திருப்பி வாங்கப் போறேன்."

செல்களை வெளியே சோதனைக்கு அனுப்பியிருந்தாராம். நுரையீரல் செல் என்று அவர் எழுதியது நுரையீரல் செல்லே இல்லை. ரப்பர் கன்றுகளை லாலாங் புல் அமுக்குவதுபோல, என்றோ உள்ளே நுழைந்த வேறொரு செல் பழையதை அமுக்கிவிட்டுப் பெருகியிருக்கிறது. அத்தனை தீபாவளியும் அவர் ஊட்டி வளர்த்தது அழையா விருந்தாளியை.

டீன் சாரைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் போனேன்.

"இப்ப யார் உங்களக் கேட்டா? ரெண்டு வாரம் பொறுத்து எழுதுங்க லா. அதுக்குள்ள ஒப்பந்தம் கையெழுத்தாயிடும்" என்றார் டீன்.

"இன்னிக்கு அத நம்பி ஒருத்தன் வேலையத் தொடங்குவான் டாக்டர். அவனுக்கு ரெண்டு வருஷம் போயிடும்."

"நூறு பேர் ஒத்துக்கிட்டாங்களே!"

"நூறு பேரும் ஒழுங்காப் படிச்சிருந்தா, ஒருத்தனாவது என்னைக் கேள்வி கேட்டிருப்பான்."

கட்டுரை வந்த இதழுக்குச் சார் அன்றே கடிதம் அனுப்பினார். பட்டியலில் மிஞ்சியது, மற்ற கட்டுரைகளுக்கு வந்த ஏழு மேற்கோள். ஒப்பந்தம் நீளவில்லை. இப்போது பாலோ ஊரில், பல்கலைக்கழகம் போகத் தயாராகும் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறார். திருப்பி வாங்கிய கட்டுரையை இன்னமும் யாராவது மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சார் ஒவ்வொருவருக்கும் எழுதுகிறார்: 'தயவுசெய்து என்னைச் சொல்லாதீர்கள்.'

என் பட்டியலில் இருந்தவர்களில், தன் எண்ணைக் குறைக்கச் சொல்லி வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். திங்கட்கிழமைகளில் பட்டியலைத் திறக்கும்போது, கை தானாக அவர் பெயரைத் தேடுகிறது.

அன்று டீன் அறையில் சாருக்காக மேசையைத் தட்டிப் பேசினேன் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஆய்வுக்கூட உதவியாளர் ராஜம்மா அக்காவிடமும் சொன்னேன். அன்று சாருடைய கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அவரும் அதே அறையில் நின்றது எனக்கு மறந்துபோயிருந்தது.

"நீங்களா பேசுனீங்க? ஏர்கோன் குளுருதா, குறைக்கட்டுமான்னு டீனக் கேட்டீங்க தம்பி. அதுக்கப்புறம் வாயே திறக்கல லா."