மாமனார் தோட்டத்து ஈ

மஞ்சள் ஒட்டு அட்டையில் ஒரே ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருந்தது. ஈ ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். லென்ஸ் வைத்தும் பார்த்தார். சந்தேகமே இல்லை. கடல் தாண்டி வந்து பழத்துக்குள் முட்டையிடும் அந்நியப் பழ ஈயேதான்.

‘ஈ ஆபீசர்’ என்பது தெரு வைத்த பட்டப்பெயர். தோட்டம் தோட்டமாகப் பொறி கட்டி, இந்த ஈ நுழைந்துவிட்டதா என்று வாராவாரம் பார்ப்பது அவர் வேலை. பதினோரு வருடமாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் கொட்டுகிற மழையில்கூட அட்டையைப் பார்க்காமல் அவர் அறிக்கை எழுதியதில்லை. இல்லாததைத் தேடுவதில் இத்தனை சிரத்தை காட்டிய மனிதரை நான் கண்டதில்லை.

வந்ததுதான் வந்தது, மாமனார் தோட்டத்திலா வரவேண்டும்? அடுத்த வாரம் ஆரஞ்சு அறுவடை. ஈ இருக்கிறது என்று எழுதினால் மூன்று மாதத்துக்கு ஒரு பழம்கூட வெளியே போகாது. அவரோ வீட்டோடு மாப்பிள்ளை.

ஈயைப் புட்டியில் போட்டு நேரே ஆபீசுக்குப் போகலாமென்றால், படிவத்தில் தோட்டத்துச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். மாதாமாதம் மாமனாரிடம் கையெழுத்து வாங்கும் தாள்களுக்கு நடுவே அதைச் சொருகி நீட்டினார். பொய் சொல்ல வராதவருக்கு மறைக்க மட்டும் வந்துவிடுமா?

“என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு ஒரு தாள் கூடுதலா இருக்கு?” என்ற மாமனார், மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உரக்கப் படிக்கச் சொன்னார். சமையலறையில் இருந்த மாமியாருக்கும் கேட்டுவிட்டது.

“ஒத்த ஈதானே? தூக்கிப் போடுங்க. யாரு பார்த்தா?”

“நான் பார்த்துட்டேனே மாமா.”

“பக்கத்துத் தோட்டத்துல பிடிச்சதுன்னு எழுதிடுங்களேன்” என்றார் மாமியார்.

“அங்க பிடிக்கலையே அத்தை.”

சமாதானப்படுத்துவதாக நினைத்து விளக்கத் தொடங்கினார். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம் இந்த வட்டாரத்திலேயே புழு இல்லாத பழம் இருக்காது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று.

“ஒண்ணு அந்த ஈ, இல்ல இந்த வீடு!” என்று மாமனார் எழுந்தே விட்டார். “ரெண்டுல எது வேணும்?”

ஈ ஆபீசர் புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மனைவி உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். “அப்பா, கையெழுத்தைப் போடுங்க. இவருக்குப் பொய் எழுதத் தெரியாது. அதுக்காக இவரை விட்டுட முடியுமா? நானும் கூடவே போறேன்.”

பேனா முனையில் தாள் கிழிய மாமனார் கையெழுத்துப் போட்டார். ஸ்கூட்டரில் முன்னால் பெட்டி, பின்னால் மனைவி. ஈ ஆபீசருக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆபீசில் பூச்சிகளைச் சரிபார்க்கும் பெண் பெட்டியைப் பார்த்தாள். “என்ன சார், ஊருக்கா?”

“அது அப்புறம். முதல்ல இதைப் பாருங்கம்மா.”

ஈயை நுண்ணோக்கியில் வைத்தவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று அவரைக் கும்பிட்டாள்.

“சார், யாரு ஒழுங்காப் பார்க்குறாங்கன்னு சோதிக்க, போன வாரம் நாப்பது பேரோட பொறியில செத்த ஈயை ஒட்டி வச்சதே நாங்கதான், மத்த முப்பத்தொன்பது பேர் கண்ணுலயும் எதுவும் படவே இல்லையாம்!”