இடது காலை மடக்கிய டிரைவர்

டிரைவர் ஆகாமல் விடுவதில்லை என்று வீரய்யா முடிவுகட்டிவிட்டான். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அந்தப் பழைய டிராக்டருக்கு அவன்தான் கிளீனர். டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த ஆளைத் தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கையா சொல்ல, மேனேஜர் தொரை போடுவார். அந்தச் சீட்டில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லியும் வைத்திருந்தான். வாய்க்கென்ன, வாடகையா?

ஓட்டுவதெல்லாம் வந்துவிட்டது. பின்னால் மாட்டிய உரப்பெட்டியைத் தூக்குவதுதான் தகராறு. சீட்டுக்கு வலப்பக்கத்துச் சின்ன லீவரை உயர்த்தினால் பெட்டி எழும்ப வேண்டும். இவனோ பயத்தில் இடது காலால் கிளச்சை மிதித்துக்கொண்டே லீவரைத் தொடுவான். கிளச்சை மிதித்தால் பெட்டியைத் தூக்கும் எண்ணெய் பம்பு நின்றுவிடும். பெட்டி கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது எழும்பினாலும் லீவரைப் படக்கென்று தள்ளி, தொப்பென்று கீழே போட்டுவிடுவான்.

கொழுந்து எடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்த சண்முகவடிவு, கூடையை இறக்கும் முன்பே புருஷனிடம் சொன்னாள்.

"என்னாங்க, கண்டாக்கையாவ மலையில பார்த்தேன். நாளைக்குக் காலையில பெட்டியத் தூக்கி எறக்கிக் காட்டணுமாம். இல்லாட்டி வேலை பக்கத்து வீட்டுக் கந்தப்பனுக்காம்."

வீரய்யா தன் இடது தொடையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"இந்த எடது காலு என் பேச்சக் கேக்காதே வடிவு."

"பழக்குங்க."

"எங்க பழக்குறது? டிராக்டரப் பூட்டிட்டாங்களே."

"ஆட்டுக்கல்லு இருக்குல்ல. எடது கால மடக்கி உக்காருங்க. கால் அசையக் கூடாது, வலது கை மட்டும் நிதானமா போகணும்."

"வெறுங்கல்லையா சுத்துறது?"

"பாரம் இல்லாம என்ன பழக்கம்? தீபாவளித் தோசைக்கு ஊறப்போட்டது இருக்கு. இந்தக் குளிருல இன்னைக்கு அரைச்சாத்தான் புளிக்கும்."

வீரய்யா பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தான். கால் மரத்துப் போயிற்று. அசைக்கவில்லை. அடுத்து, இறக்கிப் பழக வேண்டுமாம். மலை ஊற்றுப் பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, சத்தம் வராமல் இறக்கினான். ஒரு குடம் தளும்பிற்று.

"பெட்டியப் போட்டுட்டீங்க. திரும்பப் போங்க."

போனான், பாவி மனுஷன்.

காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் கண்டாக்கையா பார்க்க டிராக்டரில் ஏறினான். எஞ்சினை முடுக்கி, கிளச்சை விட்டு, இடது காலைச் சீட்டிலேயே மடக்கிக்கொண்டான். மாவாட்டும் நிதானத்தில் லீவரை உயர்த்தினான். பெட்டி ஆடாமல் அசையாமல் எழுந்தது. அப்படியே பூப்போல இறங்கியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாஸாங்கய்யா?"

கண்டாக்கையா விழித்தார். "என்னடா பாஸு? நேத்தே தொரை டிரைவரா ஒன் பேரப் போட்டுட்டாரே. ஒன் சம்சாரத்துக்கிட்ட சொல்லிவிட்டேனே."

வீரய்யா டிராக்டரோடு நேரே கொழுந்து மலைக்குப் போனான்.

"ஏன்டி, வேலை கெடைச்சத நேத்தே ஏன் சொல்லல?"

சண்முகவடிவு கொழுந்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா, டிரைவரய்யா மாவு அரைச்சிருப்பீங்களா?"