கேரவனில் கரண்ட் நிற்பதில்லை

இன்வெர்ட்டர் மறுபடியும் கீ, கீ என்று கத்தத் தொடங்கியது. ரத்தினசாமி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வண்டிக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் லைட் மங்கி, ஃபேன் நின்று, இன்வெர்ட்டரும் கத்தத் தெம்பில்லாமல் அடங்கிவிட்டது.

கொஞ்ச நாளாக இதே கதைதான். ராத்திரி சார்ஜில் போட்டால், காலையில் அவர் கிளம்பும்போது பேட்டரி முழுதாக ஏறியிருக்கும். சாயங்காலம் வந்து ஒரு லைட்டைப் போட்டால் கால் மணி நேரம் தாங்காது. இத்தனைக்கும் வண்டி நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

ரத்தினசாமிக்கு வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. முன்னால் வீடு, பின்னால் கம்பெனி, நடுவிலிருந்த இடத்தில் இப்போது இந்த வண்டி. பழைய வேன் ஒன்றை வாங்கி, கரூரில் விட்டு, கட்டில், சின்ன பிரிட்ஜ், பாத்ரூம் என்று சினிமாக்காரர்களின் கேரவன் போலப் பாடி கட்டிக் கொண்டுவந்திருந்தார். மனுசனுக்குக் காசு கொழுத்துப்போச்சு என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள்.

கொழுப்பெல்லாம் ஒன்றுமில்லை. அவர் மனைவி ரங்காத்தாளுக்குச் சர்க்கரை. ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டிப் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். வெட்டவெளி. மறைவுக்கு ஒரு செடி இல்லை. பஸ்ஸில் இருந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. ஒருதரமாவது கடலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டாள்.

ராமேஸ்வரம் கடற்கரையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, "இந்தா பாரு" என்று அவளிடம் சொல்ல வேண்டும். ரத்தினசாமிக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகத் திட்டம். ஆனால் பாதி வழியில் கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடும், தண்ணீர் மோட்டார் ஓடாது. அப்புறம் இந்த வண்டிக்கும் அந்தக் கல்யாண பஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

"மொதல்ல கரண்ட் சரியாகட்டுமுங்க. அவசரமென்ன, அப்பறம் போலாம்," என்றாள் ரங்காத்தாள்.

கம்பெனியில் கரண்ட் வேலை பார்க்கும் அஃப்சல் வந்தான். பேட்டரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, யாரோ பழசைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றான். புதிதாக, அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். அன்றைக்கு ஃபேன் சுற்றிய சுற்றில் கட்டில் விரிப்பே பறந்தது. மறுநாள் சாயங்காலம் பேட்டரி முன்னைவிடச் சுத்தமாகக் காலி.

"எங்கியோ லீக்கேஜ் இருக்குதுங்ணா," என்றான் அஃப்சல்.

உள்சுவரைப் பிரித்து ஒயரையெல்லாம் மாற்றினான். பிரித்ததுதான் பிரித்தீர்கள், பாத்ரூமில் நல்ல வெளிச்சமாக ஒரு லைட் போட்டுவிடுங்கள் என்றாள் ரங்காத்தாள். கூடவே ஒரு கண்ணாடி வேண்டுமாம், பை மாட்ட நாலு கொக்கி வேண்டுமாம். இரண்டு பேருக்கு நாலு கொக்கி எதற்கு என்று ரத்தினசாமி கேட்கவில்லை. பெண்டாட்டிக்குக் கடலாசை திரும்பிவிட்டது என்று பூரித்துப்போய் எட்டுக் கொக்கி அடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோதே பேட்டரி படுத்திருந்தது.

கூரைமேல் சோலார் தகடு ஏறியது. பக்கத்தில் இன்னொரு பேட்டரி உட்கார்ந்தது. கரண்ட் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் இப்போது வண்டியின் தண்ணீர்த் தொட்டி வறண்டு கிடந்தது. மோட்டார் தானாக ஓடித்தான் பேட்டரியைக் குடிக்கிறது என்று அஃப்சல் கண்டுபிடித்தான். பழைய மோட்டாரைக் கழற்றிப் பெரிய மோட்டார் வைத்து, வீட்டு மாடித் தொட்டியிலிருந்தே வண்டிக்குக் குழாய் இழுத்தான். அடுத்த நாள் வீட்டுத் தொட்டியும் காலி. சாயங்காலம் குளிக்கப் போன ரத்தினசாமி தலை நிறையச் சோப்புடன் நின்றார். போன தண்ணீர் எங்கே போனது என்றும் தெரியவில்லை. வண்டியின் கழிவுக் குழாயை வீட்டு செப்டிக் டேங்க்கில் சேர்த்திருந்தார்கள். அதற்குள் எட்டிப் பார்க்க இருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு வீட்டு லைனிலிருந்தே வண்டிக்கு நிரந்தரமாக ஒயர் கொடுத்தார்கள். பகலில் வீட்டு ஃபியூஸ் போய்விட்டது. பிரிட்ஜில் இருந்த இட்லி மாவு பொங்கி, கதவைத் திறந்தவுடன் ரத்தினசாமியின் காலில் இறங்கியது.

அஃப்சலுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது. அந்த வண்டிக்குள் முன்னே யாராவது செத்துப்போனார்களா என்று விற்றவரிடம் விசாரிக்கச் சொன்னான். தர்காவிலிருந்து தாயத்து ஒன்று வாங்கி வந்து கட்டினான். ரத்தினசாமி தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். கரண்ட் இரண்டுக்கும் கட்டுப்படவில்லை.

அன்று சாயங்காலம் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தவருக்கு ரங்காத்தாள் டீ கொண்டுவந்தாள்.

"என்னால ஆகாது புள்ள. வித்துப்போடலாம்," என்றார். மனைவிக்குக் கடலைக் காட்டத் துப்பில்லாதவன் கம்பெனி நடத்தி என்ன கிழித்தான் என்று அவருக்குத் தன்மீதே கோபமாக வந்தது.

ரங்காத்தாள் திடுக்கிட்டுப்போனாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருசத்தில் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

"வித்துப்போடாதீங்க. இது இங்க நிக்கறதே எனக்கு எத்தன தெம்பா இருக்குது தெரியுங்களா? கடல் எங்கீங்க ஓடிப்போகுது?"

தன் மனம் நோகக் கூடாதென்று ஆசையை மறைக்கிறாள் என்று ரத்தினசாமிக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. எப்படியாவது இந்த லீக்கேஜைப் பிடித்தே தீருவது என்று முடிவுசெய்தார்.

பகலெல்லாம் வண்டியில் என்ன நடக்கிறது என்று அவர் ஒருநாளும் கூடவே இருந்து பார்த்ததில்லை. காலையில் கிளம்பினால் சாயப்பட்டறை, பிரிண்டிங், பட்டன் கடை என்று சுற்றவே நேரம் சரியாக இருக்கும். சனிக்கிழமை காலை, ஆர்டர் விசயமாகப் பல்லடம் போவதாக ரங்காத்தாளிடம் சொன்னார். பைக்கை முக்கு டீக்கடையில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகத் திரும்பி வந்து, தன் சாவியைப் போட்டு வண்டிக்குள் ஏறினார். சொந்த வண்டிக்குள் திருடனைப் போலப் பதுங்குவது அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. மோட்டார் தானாக ஓடுகிறதா என்று பார்க்க வசதியான இடம் பாத்ரூம். உள்ளே போய்த் தாழ் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட்டின் மூடிமேல் உட்கார்ந்தார். ஒரு கையில் டெஸ்டர், ஒரு கையில் கட்டிங் பிளேயர்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒயர்கள் பதவிசாக இருந்தன. உட்கார்ந்தபடியே லேசாகக் கண் அசந்தார்.

கம்பெனியில் டீ டைம் பெல் அடித்தது. கொஞ்ச நேரத்தில் வண்டிக் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ரத்தினசாமி பிளேயரை இறுக்கிப் பிடித்தார். காலடிச் சத்தம் ஒன்றல்ல, பல. லைட் எரிந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. பிரிட்ஜ் திறந்து மூடியது. செல்போன் சார்ஜ் ஏறும்போது வரும் டிங் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. யாரோ கட்டிலில் சாய்ந்து, அம்மாடி என்று பெருமூச்சு விட்டார்கள். திருட வந்தவன் எதற்கு ஃபேனைப் போட்டுப் படுக்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை.

அப்போது பாத்ரூம் கதவை யாரோ தட்டினார்கள். அவர் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் மருதாளின் குரல்.

"உள்ளார யாருக்கா? வெரசா வாங்க, இத்தன பேரு நிக்கறோம். கம்பெனியில இருக்கற ஒத்தப் பாத்ரூமுக்கு நின்னா டீ டைமே முடிஞ்சுபோயிருதுன்னு அம்மா பாவம் பாத்து நமக்குச் சாவி குடுத்திருக்காங்க. மொதலாளி ரிப்பேரக் கண்டுபுடிக்கற வரைக்கும்தான் நமக்கு இந்த வசதி."