மேட்டு வாழையும் கிணற்றடி வாழையும்

வத்திராயிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் கல்பனாவுக்கு, உன் மாமன் ராஜரத்தினம் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை வெள்ளத்தாயும் இதுவரை நலம். 'இதுவரை' என்பதை யோசித்துத்தான் எழுதினேன். ராஜபாளையத்தில் நீயும் உன் கல்லூரியும் நலமாக இருக்க வேண்டும். எங்களைக் காப்பாற்ற உன்னை விட்டால் வேறு ஆளில்லை.

எழுத்தறிவு வகுப்பில் எலினா டீச்சர் எல்லா எழுத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் 'கையை வெளியே நீட்டாதீர்' படித்தேன். உரமூட்டையில் 'பொட்டாஷ்' படித்தேன். நேற்று நம் மேட்டு வாழையடியில் நிற்கும் உன் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதுவரை அது உன் பெயர்ப்பலகை என்றே நினைத்திருந்தேன். 'ஆராய்ச்சி மரம். ருபீடியம் ஊற்றியது. பழத்தை உண்ண வேண்டாம்.' ஒரு தப்பில்லாமல் படித்துவிட்டேனே என்று துள்ளினேன். அர்த்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது நீ வந்து அதை ஊற்றினாய். நான் திரும்பியதும் போனில் சொன்னாய்: "மாமா, இது பொட்டாஷ் மாதிரியே இருக்கிற வேற உப்பு. வேருக்கு வித்தியாசம் தெரியாது, பொட்டாஷ்னு நெனச்சு உறிஞ்சிரும். எம்புட்டு ஏறுதுன்னு பாக்கணும்." நான் ஊம் கொட்டினேன். ஏறியது எங்கே போய் நிற்கும் என்று கேட்கவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், தோட்டத்தில் முதலில் பழுக்கும் தார் அம்மனுக்கு. முதலில் பழுத்தது மேட்டு வாழை. பூசாரி சோலைச்சாமி பஞ்சாமிர்தம் பிசைந்தார், தெருவே நக்கியது, நான் இலையையும் வழித்தேன்.

எலினா டீச்சரிடம் நாசூக்காக விசாரித்தேன். பொட்டாஷில் இருப்பது பொட்டாசியம், அது இருந்தால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும் என்றார். வேரையே ஏமாற்றிய உப்பு என் நெஞ்சை ஏமாற்றாதா? அம்மனையும் ஏமாற்றியிருக்குமா? நேற்றிலிருந்து தெருவில் எல்லாருடைய நெஞ்சையும் நலம் விசாரிக்கிறேன். ரிட்டயர்டு ஏட்டு பாண்டிதுரை முறைக்கிறான்.

"ஏலே, பாக்கும்போதெல்லாம் நெஞ்சு எப்படி இருக்குன்னு கேக்க. நான் போயிட்டா எந் தோட்டத்த வளைக்கலாம்னு பாக்கியா?"

சோலைச்சாமி ஒரு தடவை இருமினார், எனக்கு வேட்டி நழுவிவிட்டது. உன் அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "என்னத்தப் படிச்சுத் தொலைச்சீரோ! படிக்கத் தெரியாம இருந்தப்ப நல்லாத் தூங்கினீரு" என்கிறாள். ஊரில் சொன்னால் உதைப்பார்கள், சொல்லாவிட்டால் அம்மன் விடமாட்டாள். இதற்கு மாற்று மருந்து இருந்தால் உடனே அனுப்பு. தெருவுக்கே வேண்டும், பெரிய பாட்டிலாக அனுப்பு.

காலையில் ராஜபாளையத்துக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு முத்துக்குமரனிடம் உனக்கு ஒரு தார் கொடுத்துவிட்டேன். பயப்படாதே, அது பலகை இல்லாத கிணற்றடி வாழை. நீயும் தின்று, கூட வேலை பார்ப்பவர்களுக்கும் கொடு.

உன் ஆராய்ச்சி பெருகட்டும், உன் வீட்டில் எந்நாளும் அடுப்பெரியட்டும் என்று மாமன் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ராஜரத்தினம் (கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு: முதல் கடிதமாயிற்றே என்று உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்கிறாள். "நீரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, கன்னுக்குட்டியக் கட்ட முளை இல்லைன்னு நான்தான் அந்தப் பலகையக் கிணத்தடியில இருந்து புடுங்கி மேட்டுல அடிச்சேன்" என்கிறாள். ஊர் தப்பித்தது, அம்மனும் தப்பித்தாள். உனக்குப் போன் போட்டுப் பார்த்தோம், நீ எடுக்கவில்லை. கல்பனா, உன் நெஞ்சு எப்படி இருக்கிறது?