ரெமிஜியஸ் வைத்த ரசம்

"லின்சி, சொல்றதைக் கேளு. நம்ம வீட்ல சமையல் நான்தான்னு சொல்லிட்டேன்."

கல்லூரி வாசல் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார் ரெமிஜியஸ். பொத்தி என்ன பயன்? மறுமுனைப் போன் இருந்தது பூக்காரத் தெருவில், அவர் எதிர்வீட்டு அப்துல் அஜீஸின் மளிகைக்கடையில்.

"யாருகிட்ட சொன்னீங்க?"

"வைவா எடுக்க வந்திருக்காங்களே, அந்த மெட்ராஸ் மேடம்கிட்ட. கேட்டாங்க, வாயில வந்துடுச்சு. அப்ப இன்னைக்கு மத்தியானம் உங்க கையாலதான் சாப்பாடுன்னுட்டாங்க."

"நீங்க சமைக்கிறீங்களா!" என்று லின்சி போட்ட கூச்சலில், கடையில் நின்றவர்கள் வாங்க வந்ததை மறந்தார்கள். அஜீஸ் பாய் தராசைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த கால்மணி நேரத்தில் தெரு முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்தது. நமக்கும் அப்படித்தான் தெரியும்.

ரெமிஜியஸ் கெட்டவர் இல்லை. தற்காலிக விரிவுரையாளராகவே தலை நரைத்துக்கொண்டிருந்தவர். டெல்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய், பெண்கள் ஏன் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, அதில் ஒளிந்திருக்கும் ஏற்றத்தாழ்வு என்ன என்று குண்டுப் புத்தகமாக ஆய்வு எழுதியிருந்தார். அவர் திண்ணைத் திண்ணையாகச் சமத்துவம் பேசிய காலத்தில் வீட்டை ஓட்டியது லின்சியின் டீச்சர் சம்பளம். சோறு பொங்கியதும் அதே லின்சிதான். சாப்பிட்ட தட்டைக் கழுவும் தொட்டி வீட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர் ஆய்வு செய்யாத விஷயம்.

இப்போது அந்த மெட்ராஸ் மேடம், டாக்டர் அம்ருதா, புதிதாக ஓர் ஆய்வு மையம் தொடங்குகிறார். இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். ரெமிஜியஸைப் பிடித்திருக்கிறது. கிடைக்காவிட்டால் லின்சியின் அண்ணன் குழந்தைராஜ் அனுப்பிய குவைத் விசா மேஜை டிராயரில் தயாராக இருக்கிறது. சாமான் கிடங்கில் வேலை. லின்சி அந்த டிராயரைத் திறப்பதே இல்லை.

"சமைச்சு வைக்கிறேன்," என்றாள் லின்சி போனில், குரலைத் தணித்து. "வேற என்ன புளுகி வச்சிருக்கீங்க?"

"முன்னுரையில... நீ என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்னு எழுதியிருக்கேன்."

மறுமுனையில் லின்சி டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளை மாருதி கார் நின்றது. அதன்மேல் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர்.

"வெங்கட், போலாமா? என் பையை வைவா ரூம்லயே விட்டுட்டேன், கொஞ்சம் எடுத்துட்டு வந்துடுங்க," என்றார் அம்ருதா. அந்த மனிதர் உள்ளே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

'டிரைவருக்கே எவ்வளவு மரியாதை!' என்று ரெமிஜியஸ் உருகினார். அம்ருதா பின்சீட்டை அவருக்கு விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது இன்னும் உருகினார். இவரல்லவா சொன்னபடி வாழ்கிறவர்!

பூக்காரத் தெருவில் கார் நின்ற சத்தம் கேட்டதும் லின்சி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள். சாதமும் பருப்பும் குக்கரில், சாம்பார் அடுப்பில், பீன்ஸ் வாணலியில். எல்லாமே பாதியில்.

"வாங்க மேடம்," என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். கண்ணை மூடினாள். "ரெ... ரெமிஜியஸ்! மேடத்துக்குத் தண்ணி கொண்டாங்க."

எதிர்க்கடையில் அஜீஸ் பாய் நிமிர்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அந்தப் பெயர் வெளியே வந்தது இதுதான் முதல்தடவை. வீட்டில் பெரிய சண்டை என்று நினைத்துக்கொண்டார்.

லின்சிக்கோ ஒருமுறை சொன்னதும் ருசி கண்டுவிட்டது.

"ரெமிஜியஸ், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க. ரெமிஜியஸ், மேடத்துக்குக் காபி போடுங்க. எனக்கும்."

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்த ரெமிஜியஸ், சாம்பாரை ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். நாக்கு சுட்டதே தவிர ருசி தெரியவில்லை. உப்புப் போட்டாளா, இல்லையா? ஹாலில் போய்க் கேட்க முடியாது. வாசலில் நின்று இருமிப் பார்த்தார்.

"பாவம், அவருக்குத் தாளிப்பு நெடி ஒத்துக்காது மேடம். அப்படியும் தினம் சமைக்கிறாரு," என்றாள் லின்சி பேப்பரைப் புரட்டியபடி.

ரெமிஜியஸ் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார். கிண்டினார். மறுபடி குடித்தார். கடலைக் குடித்த மாதிரி இருந்தது. பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். சாம்பார் பொங்கி அடுப்பை அணைத்தது. அதைப் பற்றவைக்கப் போராடும்போது பக்கத்து அடுப்பில் பீன்ஸ் கருகியது. கருகிய வாணலியை வெறுங்கையால் பிடித்தார். பிடித்ததை விட்டார். தரையில் பீன்ஸ் பரவியது.

"ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை வருதே?" என்று கொல்லைப்புற வாசலில் ஒரு குரல்.

வெங்கட். சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ரெமிஜியஸ் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அண்ணே, மேடம்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்குச் சமையல் சுத்தமா தெரியாது. எல்லாம் வீட்ல அவதான். இந்த வேலை போச்சுன்னா குவைத்துக்குப் போயிடணும். பெரிய இடத்துல கார் ஓட்டுறவரு, நம்ம கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா?"

வெங்கட் அவரை மேலும் கீழும் பார்த்தார். உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"புளி எங்க இருக்கு தம்பி?"

"தெரியாதே."

"மிளகு?"

"அதுவும்..."

"சரி, துடைப்பமாவது தெரியுமா? தரையைக் கூட்டுங்க."

வெங்கட் தானே டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். சாம்பாரில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, குக்கரிலிருந்த பருப்பைச் சேர்த்துப் புளி கரைத்து ஊற்றினார். பூண்டைத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்தார். அப்பளம் பொரித்தார். ரெமிஜியஸ் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேடம் வீட்லயும் நீங்கதான் சமைப்பீங்களா அண்ணே?"

"ஆமா."

"வண்டியும் ஓட்டணும், சமையலும் செய்யணுமா? ரொம்பத்தான் வேலை வாங்குறாங்க," என்று வருத்தப்பட்டார் ரெமிஜியஸ்.

ஹாலில் இலை போட்டாயிற்று. லின்சிக்கும் அம்ருதாவுக்கும் ரெமிஜியஸே பரிமாறினார்.

"வெங்கட் எங்க? அவர் சாப்பிட வேணாமா?"

"சமையல்கட்டுலயே ஒரு இலை போட்டுட்டேன் மேடம். அவருக்கு அங்கதான் சௌகரியமாம்."

"வாஸ்தவம்தான். அவருக்கு அந்த இடம்தான் பிடிக்கும்," என்று சிரித்தார் அம்ருதா. ரசத்தை ஒரு வாய் குடித்தவர் சற்று நிறுத்தினார். மறுபடி குடித்தார். "பழகின ரசமா இருக்கே!" என்று சொல்லி இன்னும் ஊற்றச் சொன்னார்.

"ரெமிஜியஸ், எனக்கும்," என்றாள் லின்சி. அவள் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி கல்யாணத்தன்றுகூடச் சாப்பிட்டதில்லை.

கை கழுவிக்கொண்டு வந்த அம்ருதா சொன்னார்: "ஆய்வு எழுதுற ஆம்பளைங்க நிறையப் பேரைப் பாத்துட்டேன். ரசம் வைக்கிற ஆளை இப்பதான் பாக்கிறேன். ஜூன்ல வந்து சேந்துக்குங்க. ஆர்டர் வந்துடும்."

லின்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜை டிராயரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நிலைப்படியில் நின்று அம்ருதாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அந்த இடைவெளியில் ரெமிஜியஸ் காருக்கு ஓடினார். வெங்கட் ஏற்கெனவே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக அவர் சட்டைப்பையில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டைச் செருகினார் ரெமிஜியஸ்.

"அண்ணே, என் குடும்பத்துக்கே விளக்கேத்தி வச்சீங்க. அந்த ரச விஷயம் மட்டும் மேடம் காதுக்குப் போகவே கூடாது."

வெங்கட் நோட்டை எடுத்து, மடிப்பு நீக்கி, அவர் கையிலேயே வைத்து மூடினார்.

"நானா சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா ராத்திரி வீட்ல நான் ரசம் வைக்கும்போது, 'ஏன் வெங்கட், ரெமிஜியஸ் வீட்டு ரசமும் அச்சு அசலா இப்படியேதானே இருந்துது?'ன்னு என் பொண்டாட்டி கேட்டா, அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"